பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் யானையும் பறவையும் பார்க்க எப்போது போவது, எங்கே நிற்பது?

நீங்கள் எழுதியது நான்கைந்து வரிதான். ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு பவானிசாகர் போகிறீர்கள். எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அப்பா. தண்ணீர் ஓரத்தில் யானையும் பறவையும் பார்க்க முடியுமா, இறங்கிக் குளிக்கலாமா, முதலை இருப்பதாக ஒருவர் சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலைப் பார்க்க அப்பா ஆசைப்படுகிறார் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இத்தனை கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அடர்ந்த காட்டுக்குள் நுழையாமல், பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல், ஓர் அணைக்கரையில் நின்றே காட்டுயிர்களைக் காட்டிவிட முடியுமா? முடியும். ஆனால் அதற்கு நீங்கள் நினைத்திருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கும்.

நான் மீன்வளம் படித்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடுவதிலும், பிடிபட்ட மீனை எடைபோட்டுக் கணக்கெழுதுவதிலும் கழிந்தது. பறவைகள் மேல் ஈடுபாடு வந்ததும் அந்தக் கரைகளில்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குளிர்காலத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறேன். ஆகவே தண்ணீர், மீன், பறவை பற்றி இங்கே சொல்பவை என் கண்ணால் பார்த்தும் படித்தும் உறுதி செய்துகொண்டவை. யானையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வேட்டைத்தடுப்புக் காவலர்களோடு நடந்தபோது அவர்களிடம் கற்றது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த நேரம் வரை அனுமதி என்பவையெல்லாம் அடிக்கடி மாறுபவை. அவற்றைப் புறப்படும் முந்தைய நாள் வனத்துறையிடமும் அணை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் "எந்த மாதம் போகலாம்" என்றுதான் கேட்கிறார்கள். அணையைப் பொறுத்தவரை மாதத்தைவிட முக்கியமான பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது. அது நீர்மட்டம். பவானி ஆறும் மாயாறும் கூடும் இடத்தில் 1948-ல் கட்டத் தொடங்கி 1955-ல் முடித்த அணை இது. முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. அடியில் சேற்றுக்காக 15 அடியை ஒதுக்கிவிட்டு அதற்கு மேல் அளப்பதால், உண்மையான உயரம் 120 அடி. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்போது அணை ஏறுகிறது. ஆகஸ்டு நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் நெல்லுக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் ஈடுகட்டும். ஜனவரிக்கு மேல் புன்செய்ப் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் படிப்படியாக இறங்கி, ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் ஆண்டின் தாழ்ந்த அளவுக்கு வந்துவிடும். நாளிதழ்களில் தினமும் "நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி" என்று வருகிறதே, அந்தச் சிறிய செய்திதான் உங்களுக்கு வேண்டிய காட்டுயிர் நாட்காட்டி.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அணை நிரம்பித் ததும்பும்போது பார்க்க அழகாக இருக்கும், படம் எடுக்கக் கூட்டம் கூடும். பறவைக்கு அது பஞ்சகாலம். கொக்கும் நாரையும் நின்று இரை தேடுபவை. காலின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் அவற்றால் மேய முடியும். சிறிய உள்ளானுக்கு விரல்கடை ஆழம், பவளக்காலிக்கு ஒரு சாண், சங்குவளை நாரைக்கு முழங்கால் அளவு. அணை நிரம்பியிருக்கையில் தண்ணீர் மரங்களின் அடி வரை ஏறி, கரை செங்குத்தாகி, இந்த ஆழமற்ற விளிம்பே இல்லாமல் போய்விடுகிறது. நீர்க்காகம், பாம்புத்தாரா போல முங்கி மீன் பிடிப்பவை மட்டும் அப்போது சமாளிக்கும். மட்டம் இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சேற்றுத்திட்டுகள் வெளிவருகின்றன. ஆழத்தில் இருந்த நத்தையும் புழுவும் மீன்குஞ்சும் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகின்றன. என் கணக்கேடுகளைப் புரட்டினால், நிரம்பிய அணையில் ஒரு காலை முழுவதும் நின்று எழுதியதைவிட, பாதி வற்றிய அணையில் ஒரு மணி நேரத்தில் எழுதியது அதிகமாக இருக்கும். இது எல்லா நீர்த்தேக்கத்துக்கும் பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன்.

யானைக்கும் அதே கதைதான், காரணம் மட்டும் வேறு. பிப்ரவரிக்குப் பிறகு சத்தியமங்கலம் காட்டில் புல் காய்ந்து, ஓடைகள் வற்றி, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். அதே நேரத்தில் அணைக்குள் தண்ணீர் விலகிய நிலம் வண்டல் படிந்து ஈரம் காயாமல் இருக்கிறது. அதில் இளம்புல் முளைக்கிறது. காடெல்லாம் பழுப்பு, நீர்த்தேக்கத்தின் விளிம்பு மட்டும் பச்சை. குடிக்கத் தண்ணீரும் மேயப் புல்லும் குளிக்கச் சேறும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானை ஏன் வராது? கர்நாடகத்தில் கபினி அணையின் பின்புறம் கோடையில் யானைகள் திரளாகக் கூடுவது உலகம் அறிந்த காட்சி. பவானிசாகரில் நடப்பதும் அதுவேதான். ஆகவே நீங்கள் போகும் ஏப்ரல் கடைசி, யானைக்கு நல்ல காலம். அன்று மாலை அவை வருமா என்பதை மட்டும் எவராலும் உறுதி கூற முடியாது. முந்தைய நாள் கோடை மழை ஒன்று அடித்துக் காட்டுக்குள் குட்டைகள் நிரம்பிவிட்டால், அடுத்த சில நாட்களுக்கு அவை அணைப்பக்கம் எட்டிப் பார்க்காமலும் இருக்கலாம். அப்படி ஏமாந்து திரும்பிய மாலைகள் எனக்கு நிறைய உண்டு.

வந்தால் எப்படி வரும் என்று சொல்கிறேன். ஒருமுறை மாலை நான்கரை மணிக்கு, சேற்றுநிலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் ஏழு யானைகள் புதரிலிருந்து வெளிப்பட்டன. தண்ணீர் இருநூறு அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூட்டம் ஓடவில்லை. முன்னால் வந்த பெரிய பெண்யானை நின்றது. வலது முன்காலை எடுத்து வைத்தது, உடல் எடையைக் கொடுக்காமல் பாதத்தின் விளிம்பால் மண்ணை இரண்டு முறை அழுத்திப் பார்த்தது, காலைப் பின்னுக்கு எடுத்தது. நான்கு அடி இடப்பக்கம் நகர்ந்து மறுபடியும் அதே சோதனை. மூன்றாவது இடத்தில்தான் எடை முழுவதையும் இறக்கியது. அதன்பின் மற்ற ஆறும் ஏறக்குறைய அதன் காலடித் தடத்திலேயே வரிசையாக வந்தன. குட்டி நடுவில். தண்ணீரைத் தொட அவற்றுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்த யானை இந்தச் சேற்றை இவ்வளவு சந்தேகத்தோடு மிதிக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பது பற்றிப் பேசும்போது மீண்டும் இங்கே வருவேன்.

எங்கே நிற்பது என்பதற்கு வருகிறேன். நீர்த்தேக்கத்தின் வடக்கு, மேற்குக் கரைகள் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. அனுமதியின்றி அதற்குள் கால்வைப்பது குற்றம். காராச்சிக்கொரை வழியாகத் தெங்குமரகடா போகும் பாதையும் சோதனைச்சாவடிக்கு உட்பட்டது. யாராவது "எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது, கரைக்கே கூட்டிப்போகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே இடம்தான். ஒன்று, அணைக்குக் கீழே இருக்கும் பூங்காவும் அதைச் சுற்றிய பகுதியும். அங்கே நீர்த்தேக்கம் கண்ணில் படாது. ஆனால் அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் வெளியேறும் இடங்களில் மீன்கொத்திகளும் நீர்க்காகங்களும் எப்போதும் இருக்கும். இன்னொன்று, நீர்த்தேக்கத்தின் வால்பகுதி, அதாவது ஆறு வந்து அதில் சேரும் முனை. சிறுமுகையிலிருந்து லிங்காபுரம் பக்கம் போகும் ஊர்ச் சாலைகள் தண்ணீரின் விளிம்பு வரை செல்கின்றன. அணை நிரம்பும் காலத்தில் லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் நடுவில் உள்ள பழைய பாலமே மூழ்கிவிடும். ஊர்மக்கள் அப்போது படகில்தான் கடந்து வந்தார்கள். வற்றிய காலத்தில் அதே இடம் வாழையும் புல்லும் சேறுமாக விரிந்து கிடக்கும். பறவை பார்க்க நான் திரும்பத் திரும்பப் போவது இந்தப் பக்கம்தான். சாலையோரத்திலேயே, வண்டியின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதிகாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை, மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை. இருட்டும் முன் கிளம்பிவிட வேண்டும். வாழைத்தோட்டங்களைத் தேடி யானை வருவதும் இதே பக்கம்தான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

யானை கண்ணில் பட்டால் நூறு மீட்டர் குறைந்தபட்சம். இருநூறு இருந்தால் எனக்கு நிம்மதி. அதற்குக் கண்பார்வை மங்கல், மூக்கு கூர்மை. காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால், நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அது உங்களை அறிந்திருக்கும். தும்பிக்கையை உயர்த்தி உங்கள் திசையில் முகர்ந்தால், காதுகளை விரித்து அசையாமல் நின்றால், மேய்வதை நிறுத்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். சத்தமில்லாமல் வண்டிக்குள் ஏறிப் பின்வாங்குங்கள். இன்னொரு படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். ஒற்றை ஆண்யானையாக இருந்தால் இந்தத் தூரங்களை இரட்டிப்பாக்குங்கள்.

முதலை உண்டா என்ற கேள்விக்கு ஒரே பதில்: உண்டு. மாயாற்றிலும் இந்த நீர்த்தேக்கத்திலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. இதில் வதந்தி எதுவும் இல்லை. திருப்பூர் மாவட்டத்து அமராவதி அணையிலும் அப்படித்தான். உங்களுக்குச் சொன்னவர் பயமுறுத்தச் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு உரியது, நீங்கள் நிற்கும் குறிப்பிட்ட இடத்தில் இப்போது ஒன்று இருக்கிறதா என்பது மட்டுமே. அதை யாராலும் சொல்ல முடியாது. மேலே கண்ணும் மூக்குத் துளையும் மட்டும் தெரிய அது மணிக்கணக்கில் கிடக்கும், கலங்கிய தண்ணீரில் அதுவும் தெரியாது. குளிர்மாதக் காலைகளில் கரையில் வெயில் காயும்போதுதான் தெளிவாகப் பார்க்கலாம். வாய் பிளந்து கிடப்பதைக் கண்டு கோபமாக இருப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படித் திறந்து வைத்திருக்கிறது. ஈரமண்ணில் அகலமாக ஒரு வழுக்கல் தடம், அதன் இரு ஓரத்திலும் விரல் பதிவு, நடுவில் வால் இழுத்த கோடு இருந்தால் அது முதலை இறங்கிய இடம். நீங்கள் போகும் காலத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெண்முதலைகள் தண்ணீருக்குச் சற்று மேலே, சரிவான மண்கரையில் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை தாய் அருகிலேயே காவல் இருக்கும். ஆகவே ஏப்ரல் கடைசியில் மண்கரைச் சரிவுகளில் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. தண்ணீர் விளிம்பிலிருந்து முப்பது அடி தள்ளியே நிற்பது என் பழக்கம். காலோ கையோ கழுவ வேண்டுமென்றால் வண்டியில் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வேன். குனிந்து நிற்கும் மனிதன் முதலையின் கண்ணுக்கு மான் உயரத்தில்தான் தெரிவான்.

முதலையைவிட நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது நீர்நாய். காவிரி, பவானி, மாயாறு மூன்றிலும் இருக்கிறது. உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. பகலிலேயே, ஐந்தாறு பேர் கொண்ட குடும்பமாகத் திரியும். தண்ணீரில் வளைந்து முங்கும் பழுப்பு முதுகுகள், விசில் போன்ற கீச்சொலி, கரையேறியதும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு மண்ணில் உடம்பைத் துடைத்துக்கொள்வது என்று பார்க்கச் சலிக்காது. பார்க்கக் கிடைக்காவிட்டாலும் அடையாளம் கிடைக்கும். தண்ணீருக்கு அருகில் உயர்ந்த பாறைமேல், மீன் செதிள் மினுங்கும் எச்சக் குவியல் இருந்தால் அது நீர்நாயின் முகவரி. வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடும் என்று மீனவர்களுக்கு அதன்மேல் கோபம் உண்டு. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் நீர்நாய் அதிகம் தின்பது எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைத்தான், இன்றைய நீர்த்தேக்கங்களில் அது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை.

அந்த ஜிலேபிக் கெண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. இன்று இங்கே இல்லாத குளமே இல்லை. வற்றிய கரையில் வட்ட வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவில், வரிசையாகக் குழிகள் தெரியும். யானைக் காலடியோ என்று கேட்பார்கள். தண்ணீர் இருந்தபோது ஆண்மீன்கள் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய கூடுகள் அவை. பெண்மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தும் வரை வாய்தான் தொட்டில். பத்தடி தள்ளி நின்று சாலையிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். இதே மாயாற்றில் இன்னொரு மீன் உண்டு, முதுகு உயர்ந்த மஹ்சீர். காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. மிக அருகிவிட்ட இனமாக 2018-ல் அறிவிக்கப்பட்டது. தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதற்காகத்தான். காப்பகத்துக்குள் தூண்டில் போடுவது எப்படியும் சட்டத்துக்கு எதிரானது.

இப்போது குளிப்பது. நீர்த்தேக்கத்தில் இறங்கவே இறங்காதீர்கள். முதலை அதற்கு இரண்டாவது காரணம்தான், முதல் காரணம் சேறு. மட்டம் இறங்கிய நிலத்தில் மேற்பரப்பு வெயிலில் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து, மைதானம்போல உறுதியாகத் தெரியும். அந்த ஓட்டின் கனம் சில இடங்களில் நான்கு விரல்கூட இருக்காது. அதன் கீழே பல ஆண்டு வண்டல் கூழாகக் கிடக்கிறது. மீன் எடைபோடப் போன ஒரு நாள், பரிசல் துடுப்பை அப்படியொரு வெடிப்பில் ஊன்றினேன். கையால் அழுத்தாமலே மூன்றடி இறங்கியது. அதைத் திரும்ப இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் கால் அந்த இடத்தில் விழுந்தால் என்னவாகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. யானை ஏன் காலால் தட்டிப் பார்த்து நடந்தது என்பது இப்போது புரியும். தண்ணீருக்குள்ளும் தரை சமமாக இல்லை. பழைய ஆற்றுப் பள்ளம், மூழ்கிய கிணறுகள், மரத்தின் அடிக்கட்டைகள், அறுந்த வலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கின்றன.

ஆற்றுப் பக்கம் ஆபத்து வேறு விதம். மேட்டுப்பாளையம் பகுதியில் பவானி ஆற்றில் குளிக்க இறங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, மேலே பில்லூர் அணை இருக்கிறது என்பதை. மின் உற்பத்திக்காக அங்கே தண்ணீர் விடும்போது, வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளிலும் ஆறு திடீரென உயரும். கணுக்கால் ஆழத்தில் பாறைமேல் அமர்ந்திருந்தவர்கள் நடு ஆற்றில் சிக்கிக்கொள்வது திரும்பத் திரும்ப நடக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பாறையில் இருந்த ஈரக்கோடு மறைந்தாலோ, பொருட்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் பார்க்கச் சாதுவாக ஓடும், ஆனால் சரிந்த கரையில் பிடிமானம் கிடைக்காது, நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துவிடும். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடியே ஆகவேண்டும் என்றால் கோபிச்செட்டிபாளையம் பக்கம் கொடிவேரி அணைக்கட்டு இருக்கிறது. குளிப்பதற்கென்றே கூட்டம் வரும் இடம். பவானிசாகரிலிருந்து அதிகத் தண்ணீர் விடும் நாட்களில் அங்கே அனுமதி மறுப்பார்கள், மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். அனுமதித்த நாளிலும் தடுப்பைத் தாண்டி ஆழப்பக்கம் போகக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கரையில் பரிசலைக் கண்டதும் ஆசை வரும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும், உயிர்காப்பு உடை அணியாததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. விலங்கு பார்க்கும் படகுக்கு உள்ள தனி ஆபத்து இதுதான்: எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் எழுவார்கள். மீனவர்களின் பரிசல் இரண்டு பேருக்கும் வலைக்கும் கட்டியது, குடும்பம் ஏறுவதற்கு அல்ல. உயிர்காப்பு உடை இல்லாமல், துறையின் அனுமதி இல்லாமல் இயங்கும் எதிலும் ஏறாதீர்கள்.

பறவைகளுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகளில் பெரும்பாலானவை திரும்பியிருக்கும். குளிர்காலம் முழுதும் அணைமேல் வட்டமிட்டுக் கால்களை முன்நீட்டி மீன்மேல் விழும் விராலடிப்பான் அப்போது இருக்க வாய்ப்பு குறைவு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் இன்னொரு முறை வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள்: சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, புள்ளிமூக்கு வாத்து, செம்பருந்து. தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்புபோல நீண்டு நகர்ந்தால் பிள்ளைகள் அலறுவார்கள். அது பாம்புத்தாரா, உடம்பை முழுவதும் நீருக்குள் அமிழ்த்தி நீந்தும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்பதைக் காட்டுங்கள். தலை ஆணி அடித்ததுபோல அசையாது, சிறகு மட்டும் துடிக்கும். வானத்தையும் மறக்காதீர்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்றும் கூடுகட்டும் மிகச் சில இடங்களில் ஒன்று. வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு வைக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து அதன் இறைச்சி வழியே பாறுகளைக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்த பிறகும் அவை இன்னும் தலையெடுக்கவில்லை. நண்பகலில் மிக உயரத்தில், சிறகசைக்காமல் வட்டமிடும் அகன்ற கறுப்பு உருவம் ஒன்று தெரிந்தால், அதைப் பார்த்ததாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் நான் அதிகம் கவலைப்படுவது ஆற்று ஆலாவுக்காக. மார்ச்சிலிருந்து மே வரை, வற்றிய நீர்த்தேக்கங்களில் வெளிப்படும் மணல்திட்டிலும் பாறைத்திட்டிலும் வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. கூடு என்று எதுவும் இல்லை, மணலில் உள்ளங்கை அளவுப் பள்ளம், அதில் கூழாங்கல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டைகள். நீங்கள் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள், மிதித்த பிறகுதான் தெரியும். தாய் அடைகாப்பதாக நாம் சொல்கிறோம், அந்த வெயிலில் உண்மையில் அது செய்வது முட்டைக்கு நிழல் தருவது. இடையிடையே தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் அமரும். மனிதரோ நாயோ திட்டின் மேல் ஏறினால் எல்லாப் பறவைகளும் எழுந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். பார்ப்பவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்து அரைமணி நேரம் நிற்பார்கள். அந்த அரைமணியில் திறந்த வெயிலில் கிடக்கும் முட்டைக்குள் உயிர் வெந்துவிடும். பறவை உங்கள் தலைமேல் வந்து கத்தினால், ஆள்காட்டிக் குருவியாக இருந்தாலும் ஆலாவாக இருந்தாலும், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு தொலைநோக்கி, எட்டு மடங்கு பெருக்குவது போதும். ஒன்றுதான் இருந்தால் பிள்ளைகள் சண்டையிடுவார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வையுங்கள். மங்கலான நிறத்தில் உடை, தொப்பி, நிறையக் குடிநீர். வறுத்த மீன் பொட்டலத்தையும் தட்டையும் கரையில் விட்டுவராதீர்கள். அந்த வாடைக்கு நாய் வரும், நாய்க்குப் பின்னால் ஆலாவின் முட்டையும் போகும். ஆளில்லா விமானக் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், காப்பகப் பகுதியில் அதைப் பறக்கவிட அனுமதி இல்லை.

அப்பாவின் கோயில் பற்றிக் கடைசியாக. அவர் சொல்வது டணாய்க்கன் கோட்டை. ஹொய்சாளர் காலத்துத் தண்டநாயகர்களின், அதாவது படைத்தலைவர்களின் கோட்டை அது, அணை கட்டியபோது கோயில்களோடும் சுற்றியிருந்த ஊர்களோடும் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் பாதிக்கும் கீழே இறங்கும் வறண்ட ஆண்டுகளில் மாதவப் பெருமாள் கோயிலின் கல்மண்டபம் வெளியே தெரியும். மற்ற ஆண்டுகளில் தெரியாது. தெரியும் ஆண்டிலும் அது நீர்த்தேக்கத்தின் உட்பகுதியில், மேலே சொன்ன அதே சேற்றுக்கும் முதலைக்கும் நடுவில் இருக்கிறது. எழுபது வயதுக்காரரைப் பரிசலில் ஏற்றி அங்கே கூட்டிப்போக நான் சம்மதிக்கமாட்டேன். கோயிலின் மூர்த்திகளை அணை நிரம்பும் முன்பே வெளியே எடுத்துவந்து, பவானிசாகர் பக்கம் புதுக்கோயில் கட்டி வைத்துவிட்டார்கள். அப்பாவை அங்கே கூட்டிப் போங்கள். காலையில் பறவை பார்த்துவிட்டு வெயில் ஏறும் நேரத்தில் போனால், நிழலில் அமர்ந்து, மூழ்கிய ஊர்களைப் பற்றி அவருக்கு நினைவிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேரம் இருக்கும்.